எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலைப் படிப்பு) படிக்காம குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்குப் போக முடியுமாங்க?

ஈரோட்டுக்காரி:
வணக்கமுங்க. எனக்கு 27 வயசு, பி.காம். ஒரு ஜவுளிக் கடையில 4 வருசமா பில்லு, டேலி, ஜிஎஸ்டி இதுதான் வேலை, சம்பளம் 14,500. இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்ச சமயத்துல தன்னார்வலரா சேர்ந்து சாயங்காலம் எங்க தெருப் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன், மாசம் 1000 ரூபா தருவாங்க, அது புள்ளைங்களுக்கு முறுக்கு வாங்கவே போயிரும். அதுல எட்டாவது படிச்ச ஒரு பொண்ணு ஒரு வாரமா வரல. அவ தம்பிகிட்ட கேட்டா "அக்காவுக்கு மாமா வீட்டுல வெத்தலை மாத்திட்டாங்க மிஸ்"ங்கறான். ராத்திரி தூக்கமே வரல. காலையில கை நடுங்கிட்டேதான் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் பண்ணேன்.

நான் என்னமோ போலீஸ் ஜீப் வரும், ஊரே கூடும்னு பயந்துட்டு இருந்தா, மறுநாள் ஒரு அக்கா துணிப்பையோட டவுன் பஸ்ல வந்து இறங்குறாங்க. நேரா அந்த வீட்டுத் திண்ணையில உக்காந்து பாட்டிகிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, ஆட்டுக்குட்டி எத்தனை மாசம், தீவனம் என்ன வெலை விக்குதுன்னு பேசிட்டே இருந்தாங்க. நான் எதிர்த்த குழாயடியில ரொம்பின குடத்தைக் கீழ ஊத்திட்டு மறுபடி புடிச்சுட்டே நிக்கறேன். அரை மணி நேரம் கழிச்சு பாட்டியே "பேசி முடிச்சாச்சு சாமி, என்ன பண்றது"ன்னு ஆரம்பிச்சாங்க. அப்புறம்தான் அந்த அக்கா பையில இருந்து நோட்டையே எடுத்தாங்க. கல்யாணம் நின்னுது. அந்தப் பொண்ணு இப்போ பதினொண்ணாவது படிக்குது.

அன்னைல இருந்து இந்த வேலைக்குத்தான் போகணும்னு ஒரே நெனப்பு. இப்போ ஒரு இன்ஸ்டிட்யூட்ல 6 மாச "குழந்தை மற்றும் குடும்ப கவுன்சலிங் டிப்ளமோ" 35,000 ரூபா, அரசு அங்கீகாரம், வேலை உறுதின்னு சொல்றாங்க. சேரலாமா? அப்பாவுக்கு முடியல, வீட்டுல என் சம்பளம்தான். யாராச்சும் இந்த ஃபீல்டுல இருந்தா உள்ளத சொல்லுங்க.

பணம்போனபாவி:
சேராதீங்க சேராதீங்க. நான் 42,000 கட்டி இதே மாதிரி ஒண்ணு முடிச்சேன் (பேரு வேண்டாம்). சனி ஞாயிறு வகுப்பு, பிபிடி ஓட்டுவாங்க, கடைசில கவுன் போட்டு பட்டமளிப்பு விழா வேற, போட்டோ எல்லாம் சூப்பரா இருக்கு. மாவட்டத்துல குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்கு இன்டர்வியூ போனேன். "ஒரு குழந்தை உங்ககிட்ட, யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லிட்டு மாமா தப்பா தொட்டாருன்னு சொல்லுது, என்ன பண்ணுவீங்க"ன்னு கேட்டாங்க. எங்க வகுப்புல படிச்ச மாதிரியே "ரகசியத்தைக் காப்பாத்துவேன் மேடம், அதுதான் கவுன்சலரோட தர்மம்"னு சொன்னேன். அவங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. போக்சோ (குழந்தைகள் மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான சட்டம்) 19ஆவது பிரிவுப்படி தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீசுக்கு சொல்லியே ஆகணுமாம், சொல்லலைன்னா 21ஆவது பிரிவுல 6 மாசம் வரைக்கும் ஜெயிலு! 6 மாசம் கோர்ஸ்ல இத ஒருத்தரும் சொல்லித்தரல. ஜெயிலும் 6 மாசம் கோர்ஸும் 6 மாசம்னு என் தம்பி இன்னும் ஓட்டிட்டு இருக்கான்.

களத்துல_கால்:
ஈரோட்டுக்காரி, முதல்ல ஒண்ணு, ஊர் பேரு, பொண்ணு பேரு போடாம எழுதுனீங்க பாருங்க, பாதி ட்ரெய்னிங் அங்கயே முடிஞ்சிருச்சு. நான் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல சமூகப்பணியாளர், ஒப்பந்த அடிப்படை. புறத்தொடர்புப் பணியாளரா (களத்துல நேர்ல போய் குடும்பங்களைப் பாக்கற வேலை) உள்ள வந்துதான் இங்க வந்தேன்.

சம்பளத்தை ஒளிக்காம சொல்லிடறேன். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல புறத்தொடர்புப் பணியாளருக்கு மாசம் 10,592, அதுக்கு பிளஸ் டூ போதும், நல்லா பேசத் தெரியணும், அனுபவம் இருந்தா முன்னுரிமை. சமூகப்பணியாளர், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) ரெண்டுக்கும் 18,536, இதுக்கு டிகிரி, சமூகப்பணி, சமூகவியல், உளவியல் இந்த மாதிரி கேப்பாங்க. பாதுகாப்பு அலுவலர் 27,804. எல்லாமே தொகுப்பூதியம். விளம்பரம் மாவட்ட இணையதளத்துல வரும், பேப்பர்ல ஒரு மூலையில வரும், கடைசி தேதிக்கு முந்தின நாள்தான் நம்ம கண்ணுல படும். கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனா அறிவிப்புப் பலகைய ஒரு எட்டு பாத்துட்டு வாங்க.

இன்னொண்ணு. எங்க அலகுலயே கணக்காளர் போஸ்ட் இருக்கு, அதுக்கும் 18,536, பி.காம் தான் கேப்பாங்க. கேலி பண்றேன்னு நினைக்காதீங்க. உள்ள நுழைய அதுவும் ஒரு கதவு.

ட்ரெய்னிங்னா என்னன்னு கேட்டா, என்னைப் பொறுத்தவரைக்கும் அது படிவம் 22. இளைஞர் நீதிச் சட்டத்துல சமூக விசாரணை அறிக்கைன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கான படிவம்தான் இது, குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டா 15 நாள்ல குழந்தையோட வீட்டுக்குப் போய், ஸ்கூல்ல, அக்கம்பக்கத்துல விசாரிச்சு எழுதிக் கொடுக்கணும். அந்தக் காகிதத்தை வச்சுத்தான் குழந்தை வீட்டுக்குப் போகுதா குழந்தைகள் இல்லத்துக்குப் போகுதான்னு குழு முடிவெடுக்கும். நான் புதுசா வந்தப்ப ஒரு அறிக்கையில "தந்தை பொறுப்பற்ற குடிகாரர்"னு எழுதிட்டேன். குழுவுல ஒரு அம்மா கண்ணாடிய எறக்கிட்டு "நீ பாத்தியா, யாராச்சும் சொன்னாங்களா?"ன்னு கேட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரு. "அவருக்கும் இவருக்கும் வேலித் தகராறு இருக்கான்னு கேட்டியா?" இல்ல. திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி 3 தடவை போனேன். "3 முறை சென்றதில் ஒரு முறை மதியம் மது அருந்தியிருந்தார், மற்ற 2 முறையும் வேலைக்குச் சென்றிருந்தார், குழந்தையின் புத்தகப்பை ஆணியில் மாட்டப்பட்டு, நோட்டுகளுக்கு அட்டை போடப்பட்டிருந்தது"ன்னு எழுதினேன். அட்டை போட்டது அந்த அப்பாதான்னு அப்புறம் தெரிஞ்சுது. அந்தக் குழந்தை வீட்டுக்கே போச்சு. பாத்தத எழுதணும், நினைச்சத எழுதக் கூடாது, இத எந்த டிப்ளமோவுல சொல்லிக் கொடுக்கறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சா நானே 35,000 கட்டறேன்.

மதுர_அண்ணே:
களத்துல_கால் சொல்றதெல்லாம் சரிதான், ஆனா நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். 10,592க்கு போயி அங்கயே நின்னுட்டவங்க நெறைய பேர பாத்திருக்கேன் தங்கச்சி. பெட்ரோலு நம்ம கையில இருந்து, ராத்திரி 11 மணிக்கு பஸ் ஸ்டாண்டுல ஒரு பையன் நிக்கிறான்னு போன் வந்தா நம்மதான் ஓடணும். வீட்டுக்கு ஒங்க சம்பளம்தான்னு வேற சொல்றீக. எம்எஸ்டபிள்யூ படிச்சிருங்க. எந்த டிகிரி முடிச்சிருந்தாலும் சேரலாம், பி.காம் தடையே இல்ல. சென்னையில மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952ல இருந்து இருக்கு, எங்க ஊர்ல ஒரு காலேஜே இதுக்குன்னு இருக்கு, கோயம்புத்தூர் பிஎஸ்ஜி கலை அறிவியல் உங்களுக்குப் பக்கம். இளைஞர்களோட வேலை பாக்கணும்னா ஸ்ரீபெரும்புதூர் ராஜீவ் காந்தி இளைஞர் மேம்பாட்டு நிறுவனம். வேலைய விட முடியாதுன்னா இக்னோல (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைதூரத்துல, 2 வருச கோர்ஸு, 4 வருசம் வரைக்கும் இழுத்துக்கலாம், களப்பணி அதுலயும் கட்டாயம்.

நாங்க படிக்கிறப்ப களப்பணிக்கு என்னைய கூர்நோக்கு இல்லத்துல (சட்டச் சிக்கல்ல மாட்டுன பசங்கள வைக்கிற இடம்) போட்டாக. மொத நாளு ஒரு பையன்கிட்ட "என்ன கேஸுப்பா"ன்னு கேட்டுப்புட்டேன். எங்க மேற்பார்வையாளர் அங்கன ஒண்ணும் சொல்லல, வெளிய வந்து டீக்கடையில வச்சு வாங்கு வாங்குன்னு வாங்குனாரு. சட்டமே இவங்கள குற்றவாளின்னு சொல்லாத, கைதுன்னு சொல்லாதங்குது, நீ மொத வார்த்தையே கேஸுங்கிறன்னாரு. அடுத்த வாரம் கேரம் போர்டு எடுத்துட்டுப் போனேன். 3 வாரம் வெறும் கேரம்தான். நாலாவது வாரம் அவனே காய அடிச்சுக்கிட்டே "எங்கம்மா வரும்னு சொல்லுச்சு, வரல"ன்னான். ஒங்க ஆட்டுக்குட்டி அக்கா செஞ்சதும் இதேதான் தங்கச்சி.

ஈரோட்டுக்காரி:
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றிங்க. 35,000 மிச்சம். சீட்டு எடுத்து கட்டலாம்னு இருந்தேன், நல்லவேளை! கணக்காளர் போஸ்ட்டுன்னதும் மொதல்ல கொஞ்சம் கஷ்டமா இருந்துது, அங்க போயும் அதே வவுச்சரா, அதே பில்லான்னு. ஆனா 18,536ங்கறது இப்ப வாங்கறதுக்கு மேலதான். அங்க இருந்துட்டே இக்னோல படிக்க முடியுமாங்க? களப்பணிக்கு லீவு தருவாங்களா? அப்புறம் கணக்காளர் களத்துக்கே போக மாட்டாங்களா?

களத்துல_கால்:
லீவெல்லாம் வர்ற அதிகாரியைப் பொறுத்துங்க, நான் வாக்கு கொடுக்க மாட்டேன். ஆனா கணக்கு தெரிஞ்ச ஆளை நாங்க களத்துக்கு இழுத்துட்டுத்தான் போவோம். நிதி ஆதரவுத் திட்டத்துல ஒரு குழந்தைக்கு மாசம் 4000 ரூபா, குடும்ப வருமானம் கிராமத்துல வருசத்துக்கு 72,000, நகரத்துல 96,000க்குள்ள இருக்கணும். வருமானச் சான்று ஒண்ணு சொல்லும், வீடு ஒண்ணு சொல்லும். ஒரு பாட்டி பேரன் பேர்ல பாங்க் அக்கவுண்ட் ஆரம்பிக்கறதுக்குள்ள ஆதார்ல ஒரு எழுத்து மாறி 3 மாசம் அலைஞ்சாங்க, நானும் கூடவே அலைஞ்சேன். எனக்கு அந்த பாங்க் சமாச்சாரம் இன்னிக்கும் தலைகீழாத்தான் தெரியும், நீங்க இருந்திருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும்.

அதுவரைக்கும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்துல சம்வாத்னு ஒரு பிரிவு இருக்கு, குழந்தைகளோட எப்படிப் பேசறதுன்னு பயிற்சிப் புத்தகமெல்லாம் அவங்க தளத்துல சும்மாவே கிடைக்குது, இறக்கிப் படிங்க. சொல்ல மறந்துட்டேன், தன்னார்வலரா இருந்ததுக்குச் சான்றிதழ் ஏதாச்சும் கைல இருக்கா? விண்ணப்பத்துல அனுபவம்னு கேக்கற கட்டத்துல அத எழுதுங்க.

ஈரோட்டுக்காரி:
எங்கயோ பீரோவுல இருக்குங்க்கா, அம்மா சேலைக்கு அடியில. இன்னிக்கு ராத்திரியே தேடறேன்.

பணம்போனபாவி:
என் டிப்ளமோ சர்டிபிகேட்டும் பீரோவுலதான் இருக்கு, யாருக்காச்சும் வேணும்னா சொல்லுங்க, லேமினேட் பண்ணது.