மோட்டர் ஷாப்ட்டில் (சுழலும் தண்டில்) பினியன் (சிறு பல்சக்கரம்) நழுவுகிறது – எப்படிப் பிடிக்க வைப்பது?

ஹட்டன் மாணவன்:
பாடசாலைக் கண்காட்சிக்குத் தேயிலை சலிக்கும் இயந்திர மாதிரி ஒன்று செய்கிறோம். 12 வோல்ட் 555 அளவு மோட்டர், ஷாப்ட் 3.17 மி.மீ. பித்தளைப் பினியனின் துளை 3.2. அதை இறுக்க ஒரு எம்3 கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத 3 மி.மீ. திருகு) இருக்கிறது. சுமை ஏறினால் பினியன் வழுக்குகிறது. சூப்பர் குளூவும் நிற்கவில்லை. என்ன செய்யலாம், அண்ணன்மாரே?

பதுளை பட்டறை:
தம்பி, உருண்டை ஷாப்ட்டில் ஸ்க்ரூ ஒரு புள்ளியில்தான் படும், அதனால்தான் வழுக்குகிறது. ஸ்க்ரூ அமரும் இடத்தில் 0.3 மி.மீ. ஆழத்துக்குத் தட்டையாக அராவுங்கள். ஷாப்ட் முனையை வைஸில் (மேசைப் பிடிகருவியில்) பிடியுங்கள், மோட்டர் உடலை நசுக்க வேண்டாம். முன்பக்க ஓட்டைகளை டேப்பால் மூடுவது கட்டாயம். இரும்புத்தூள் உள்ளே போனால் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு எடுக்கவே முடியாது. முறுக்க நல்ல 1.5 மி.மீ. அலன் கீ (அறுகோணச் சாவி) வேண்டும். தேய்ந்த கீ ஸ்க்ரூவின் அறுகோணக் குழியைக் கெடுத்துவிடும்.

நுவரெலியா மெக்கானிக்:
அதோடு லொக்டைட் 638 (ஷாப்ட்டையும் துளையையும் பிடிக்க வைக்கும் உலோகப் பசை) போடுங்கள். சூப்பர் குளூ அதிர்வில் விரிசல் விட்டுவிடும். ஷாப்ட், துளை இரண்டையும் அசிட்டோனால் எண்ணெய் போகத் துடைத்து, பினியன் துளைக்குள் ஒரு சொட்டு மட்டும் விடுங்கள். ஷாப்ட்டில் பூசினால் பினியன் அதை வழித்துக்கொண்டு போய் புஷ்ஷில் (ஷாப்ட்டைத் தாங்கும் வளையத்தில்) சேர்க்கும், மோட்டர் இறுகிவிடும். ஷாப்ட் கீழ்நோக்கி இருக்க, புஷ்ஷுக்கும் பினியனுக்கும் இடையில் 1 மி.மீ. விட்டு ஸ்க்ரூவை முறுக்குங்கள். முழுதாக இறுக 24 மணி நேரம் என்பது 22 பாகை அறைக்கான கணக்கு. நம்ம பக்கத்துக் குளிரில் இரண்டு நாள் விடுவதே நல்லது. பிறகு கழற்றுவது கஷ்டம், சூடாக்கினால் மோட்டரின் பிளாஸ்டிக் போய்விடும். அதனால் இடத்தை முதலிலேயே சரிபாருங்கள்.

ஹட்டன் மாணவன்:
நன்றி அண்ணே. சின்ன 130 அளவு மோட்டரில் பிளாஸ்டிக் பினியனுக்கும் இதே மருந்தா?

நுவரெலியா மெக்கானிக்:
வேண்டாம், 638 உலோகத்துக்குத்தான், சில பிளாஸ்டிக் அதில் விரிசல் விடும். அதற்கு 2 மி.மீ. ஷாப்ட்டுக்கு 1.9 துளைப் பினியன் வாங்கி வைஸில் நேராக அழுத்துங்கள். மறுபக்கம் ஷாப்ட்டின் பின்முனை தாங்க வேண்டும். மோட்டர் உடலில் அழுத்தம் விழுந்தால் பின்மூடி கழன்று பிரஷ் (உள்ளே மின்சாரம் கொடுக்கும் தகடு) வளையும். சுத்தியல் எடுக்கவே கூடாது.

பதுளை பட்டறை:
இன்னொன்று தம்பி: பற்கள் நெருக்கமாகக் கோத்திருந்தால் எப்படி ஒட்டினாலும் விட்டுவிடும். இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மோட்டரை இறுக்கி, பிறகு கடதாசியைச் சுற்றி எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளி போதும்.