இரண்டு பல்ப் போட்டால் ஏன் மங்கிவிடுகிறது?

காவேரிப்பட்டணம் அம்மா:
என் பையன் ஏழாவது படிக்கிறான். பள்ளிக் கண்காட்சிக்காக இரண்டு 1.5 வோல்ட் செல், இரண்டு டார்ச் பல்ப், கொஞ்சம் ஒயர் வைத்து சர்க்யூட் செய்கிறான். ஒரு பல்ப் என்றால் பளிச்சென்று எரிகிறது. இரண்டையும் ஒரே வரிசையில் மாட்டினால் இரண்டுமே மங்கல். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணைந்துவிடுகிறது. “முதல் பல்ப் கரண்டைச் சாப்பிட்டுவிடுதாம்மா?” என்று கேட்கிறான். என்ன சொல்வது?

காரிமங்கலம் வயர்மேன்:
கரண்டை எந்த பல்பும் சாப்பிடாதும்மா. முதல் பல்புக்குள் எவ்வளவு போகிறதோ அவ்வளவேதான் இரண்டாவதுக்கும் போகும். பங்கு பிரிவது வோல்ட்தான். இரண்டு செல்லும் சேர்ந்து 3 வோல்ட். ஒரே மாதிரி பல்ப் இரண்டு என்றால் ஆளுக்கு 1.5. தடை கூடிவிட்டதால் ஓடுகிற கரண்டும் குறைந்துபோகும். அதனால்தான் இரண்டும் ஒன்றுபோல மங்குகின்றன.

முப்பது வருஷம் மாரியம்மன் பண்டிகைக்கு சீரியல் செட் கட்டியவன் நான். பழைய குண்டு பல்ப் செட்டில் 6 வோல்ட் பல்ப் 38 வரிசையாக இருக்கும். 38ஐ 6ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், 228 வரும். வீட்டு லைன் 230. கணக்கு அவ்வளவுதான். ஒன்று ஃபியூஸ் போனால் மொத்தப் பந்தலும் இருட்டு. நல்ல பல்ப் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, ஒவ்வொரு ஹோல்டராக மாற்றிக்கொண்டே போவேன். சரியான இடத்தில் மாட்டி பிளக்கைச் செருகியதும் மொத்தமும் எரியும்.

அணைந்த செட்டில் கரண்ட் இல்லை என்று நினைத்துத் தொட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டம்தான் இல்லை. விட்டுப்போன அந்த ஒரு இடத்தில் முழு 230 வோல்ட்டும் காத்துக்கொண்டு நிற்கும். பையனிடம் மல்டிமீட்டர், அதாவது வோல்ட் அளக்கிற மீட்டர் இருந்தால் ஒரு பல்பைக் கழற்றிவிட்டு, காலி ஹோல்டரின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்க்கட்டும். செல்லோடு மட்டும்தான், சுவர் பிளக் பக்கமே போகக் கூடாது.

ஊத்தங்கரை டீச்சர்:
இப்படி ஒரே வரிசையில் மாட்டுவதற்குத்தான் புத்தகத்தில் தொடரிணைப்பு என்று பெயர். ஒவ்வொரு பல்பின் இரண்டு முனையையும் தனித்தனியாகச் செல்லுக்குக் கொண்டு வந்தால் பக்க இணைப்பு. இரண்டுக்கும் 3 வோல்ட் முழுசாகக் கிடைக்கும், ஒன்றைக் கழற்றினாலும் மற்றது எரியும். வீட்டு ஃபேன், லைட் எல்லாம் இப்படித்தான். ஆனால் ஒரு பல்ப் மட்டும் எரிவதைவிட செல்லிலிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்ட் போவதால் சீக்கிரம் தீர்ந்துவிடும். கண்காட்சி அன்றைக்குப் புது செல் எடுத்துப் போகட்டும்.

காவேரிப்பட்டணம் அம்மா:
அண்ணா, மீட்டர் வாங்கிக் கொடுத்தேன். காலி ஹோல்டரில் 3.1 காட்டியது! அணைந்த பல்பில் பூஜ்யம். திரும்ப மாட்டினதும் ஒன்றில் 1.4, இன்னொன்றில் 1.5. இப்போது வேறு கேள்வி: கூட்டினால் 2.9தானே, மீதி 0.2 எங்கே போச்சு என்கிறான்.

காரிமங்கலம் வயர்மேன்:
கெட்டிக்காரன்! செல்லுக்குள்ளேயும் கொஞ்சம் தடை இருக்கிறதும்மா. கரண்ட் ஓடும்போது அந்த 0.2 செல்லுக்குள்ளேயே செலவாகிறது. காலி ஹோல்டரில் ஓட்டமே இல்லை, அதனால் குறையவில்லை. பழைய செல்லைப் போட்டு இதையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள், இன்னும் அதிகமாகக் குறையும்.