இங்கிலாந்தில் அறிவியல், சமூகப்பணி படிப்புகள்: பட்டத்தின் பெயரை மட்டும் நம்பிச் சேராதீர்கள்

இங்கிலாந்துக்கு அண்மையில் குடிவந்து, பிள்ளைகளின் பல்கலைக்கழகப் படிப்பைப் பற்றி யோசிக்கும் பெற்றோருக்கும், தாமே மீண்டும் படிக்க விரும்பும் பெரியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நம் ஊரில் மதிப்பெண்ணும் கல்லூரியின் பெயருமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்துவிடும். இங்கே மருத்துவமனை சார்ந்த அறிவியல் வேலைகளிலும் சமூகப்பணியிலும் அவற்றுக்கு முன்னால் நிற்பது தொழிற்பதிவு. பதிவு பெற்றவர் மட்டுமே பயன்படுத்தலாம் என்று சட்டம் காத்து வைத்திருக்கும் பணிப்பெயர்கள் பல உள்ளன. அந்தப் பதிவுக்கு வழிவிடாத பட்டத்தை எவ்வளவு பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் வாங்கினாலும், அதை மட்டும் கொண்டு அந்த வேலையில் சேர முடியாது.

பயோமெடிக்கல் சயின்ஸ் படிப்பில்தான் நம் குடும்பங்கள் இதை அதிகம் கவனிக்காமல் விடுகின்றன. மருத்துவத்துக்கு இடம் கிடைக்காத பிள்ளையை, அடுத்த படி என்று எண்ணி இதில் சேர்த்துவிடுகிறார்கள். மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தத்தையும் திசுக்களையும் நுண்ணுயிர்களையும் ஆராய்ந்து, நோயாளிக்கு ஏற்றவிருக்கும் இரத்தம் பொருந்துமா என்று பார்த்துச் சொல்லும் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் ஆவதற்கு எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில்களுக்கான பதிவு அமைப்பில் பதிவு கட்டாயம். அதற்கு வழக்கமான வழி, ஐ.பி.எம்.எஸ். என்ற பயோமெடிக்கல் சயின்ஸ் தொழில் நிறுவனம் அங்கீகரித்த பட்டத்தைப் பெறுவதும், அந்நிறுவனம் ஒப்புதல் அளித்த ஆய்வகம் ஒன்றில் பயிற்சி பெற்று அதற்குரிய பயிற்சிக் கோப்பை நிறைவு செய்வதும் ஆகும். ஒரே பெயரில் நடக்கும் படிப்புகளில் சில அங்கீகாரம் பெற்றவை, சில பெறாதவை. அங்கீகாரம் பெற்ற படிப்பிலும் பயிற்சி இடம் எல்லோருக்கும் உறுதியில்லை. பட்டம் முடித்துவிட்டு ஆய்வக உதவியாளராக வேலை செய்துகொண்டே பயிற்சி வாய்ப்புக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் பலர். ஆகவே, சேர விரும்புவோர் நேரில் வந்து பார்க்கப் பல்கலைக்கழகம் நடத்தும் திறந்த நாளுக்குச் செல்லும்போது, கட்டடங்களைச் சுற்றிப் பார்ப்பதைவிட, என்.எச்.எஸ். எனப்படும் அரசு மருத்துவச் சேவையின் ஆய்வகப் பயிற்சி பாடத்திட்டத்திலேயே உள்ளதா, இல்லையென்றால் அந்த இடத்தைத் தேடித் தருவது யார், சென்ற ஆண்டு எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று நேராகக் கேளுங்கள். பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவப் படிப்பு ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் அதற்குப் போட்டி மிகக் கடுமையானது; அதை மட்டுமே நம்பி ஒரு பிள்ளையின் மூன்று ஆண்டுகளைச் செலவிடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

அறிவியலில் நாட்டமுள்ள பிள்ளைக்கு, நம்மவர் அதிகம் பேசாத வேறு துறைகளும் உண்டு. எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராபி, மாறுகண் முதலிய பார்வைக் குறைகளைக் கவனிக்கும் ஆர்த்தாப்டிக்ஸ், அறுவை அரங்கில் மருத்துவர்களுக்கு உதவியாகப் பணிபுரியும் ஓ.டி.பி. (ஆபரேட்டிங் டிபார்ட்மென்ட் பிராக்டிஷனர்) ஆகியவை எச்.சி.பி.சி. பதிவுக்குரியவை. எச்.சி.பி.சி. ஒப்புதல் பெற்ற படிப்புகளில் பயிற்சி பாடத்திட்டத்துக்குள்ளேயே இருப்பதால், பட்டம் முடிந்ததும் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். இவற்றைப் படிக்கும் தகுதியுள்ள மாணவருக்கு என்.எச்.எஸ். கற்றல் உதவி நிதியிலிருந்து ஆண்டுக்கு 5,000 பவுண்டு கிடைக்கிறது. குழந்தை வைத்திருப்பவருக்கு மேலும் 2,000 பவுண்டு உண்டு. இது கடன் அன்று. திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. பயோமெடிக்கல் சயின்ஸ் மாணவருக்கு இந்த நிதி கிடையாது.

சமூகப்பணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை நம் சமூகம் உரிய மதிப்புடன் பார்ப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து. முதியோர் இல்லத்தில் செய்யும் கேர் வேலையும் இதுவும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். கேர் வேலை மிகுந்த பொறுமையைக் கேட்கும் கௌரவமான தொழில். ஆனால் சமூகப்பணி வேறு. ஒரு குழந்தை வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறதா, முதியவர் ஒருவருக்கு எத்தகைய உதவி வேண்டும், தன் முடிவைத் தானே எடுக்கும் நிலையில் ஒருவர் இருக்கிறாரா என்பதையெல்லாம் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம், 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் ஆகியவற்றின் கீழ் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் நீதிமன்றத்திலும் விளக்க வேண்டிய பொறுப்பு அது. 2019 டிசம்பர் முதல் இங்கிலாந்தில் இதற்கான பதிவைச் சோஷியல் வொர்க் இங்கிலாந்து என்ற அமைப்பு நடத்துகிறது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனி அமைப்புகள் உள்ளன. படிப்புக் காலத்தில் களத்தில் கற்றலுக்காக மட்டும் 200 நாள் ஒதுக்க வேண்டும். தமிழும் ஆங்கிலமும் அறிந்த சமூகப்பணியாளர் ஒருவர் வந்து அமர்ந்தால், ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ தனித்து வாழும் நம் அம்மம்மா ஒருவர் தம் குறையைப் பேரப்பிள்ளையின் மொழிபெயர்ப்பு இல்லாமல் தாமே சொல்லலாம். இந்தத் துறைக்கு நம் பிள்ளைகள் போக வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுவே முதற்காரணம்.

புதிதாக வந்த குடும்பங்கள் கட்டண விஷயத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். உள்நாட்டு மாணவருக்கான கட்டணம் 2025-26ஆம் கல்வியாண்டில் அதிகபட்சம் 9,535 பவுண்டு. வெளிநாட்டு மாணவருக்கு அத்தகைய உச்சவரம்பு இல்லை. உள்நாட்டுக் கட்டணம் பெற, பொதுவாக, நிரந்தர வதிவிட உரிமையும் படிப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருப்பதும் வேண்டும். இலையுதிர்காலத்தில் தொடங்கும் படிப்புக்கு அந்த நிலையைப் பெரும்பாலும் செப்டம்பர் 1ஆம் தேதியை வைத்தே பார்க்கிறார்கள் என்பதால், வதிவிட உரிமைக் கடிதம் சில நாள் தாமதமானாலும் நிலைமை மாறிவிடலாம். பெற்றோரின் வேலை விசாவில் சார்ந்திருக்கும் பிள்ளைக்கு உள்நாட்டுக் கட்டணமோ மாணவர் கடனோ பெரும்பாலும் கிடைக்காது. அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு மூன்றாண்டு நிபந்தனை பொருந்தாது. நான் மேலே சொன்ன 5,000 பவுண்டு உதவியும் இந்தத் தகுதியையே சார்ந்தது. கல்லூரி முகவரின் வாய்ச்சொல்லை ஏற்காமல், உங்கள் ஆவணங்களை அனுப்பிப் பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்துமூலம் பதில் பெறுங்கள்.

விண்ணப்பம், பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பொது அமைப்பான யூகாஸ் வழியாகத்தான். ஐந்து தெரிவுகள் வரை கொடுக்கலாம். பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரியும், மருத்துவத்துக்கு அக்டோபர் 15ஆம் தேதியும் கடைசி நாள். ஏ லெவல் (இங்குள்ள பள்ளி இறுதித் தேர்வு) இல்லாத பெரியவர்கள் உள்ளூர்க் கல்லூரியில், பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் அக்சஸ் டிப்ளோமா முடித்து விண்ணப்பிக்கலாம்; சமூகப்பணிக்கும் ரேடியோகிராபிக்கும் பல பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கின்றன.

சென்னையிலோ வேறு ஊரிலோ எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு இங்கே கேர் வேலையில் இருப்பவர்கள் முதலாண்டிலிருந்து மீண்டும் படிக்கத் தொடங்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் தகுதி பெற்றவர்கள் சோஷியல் வொர்க் இங்கிலாந்தில் பதிவுக்கு விண்ணப்பிக்கத் தனி வழி உண்டு. அதற்கு உங்கள் பாடத்திட்டமும், களப்பணி எங்கே, எத்தனை நாள், யாருடைய மேற்பார்வையில் நடந்தது என்ற விவரமும் ஆதாரத்துடன் தேவைப்படும். கல்லூரி அலுவலகத்தில் உங்களை அறிந்தவர்கள் இருக்கும்போதே அந்தக் கடிதங்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.