'ஆயிரம் பேரை'யா, 'ஆயிரம் வேரை'யா: பழைய அச்சுச் சான்று தேவை

ஊர்ப் பழமொழிகளைத் தொகுத்துவரும் நான் மூன்று வாரங்களாக ஒரே வரியில் நிற்கிறேன். என் பாட்டி 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்றே சொல்வார். கஷாயம் கசந்த நாளில் வைத்தியரை நோக்கி வீசப்படும் கேலி அது. மூலிகையைக் குறிக்கும் 'வேரைக் கொன்றவன்' என்பதே சரியான வடிவம் என்று இன்று மேடைதோறும் திருத்துகிறார்கள். கேலியின் உயிரையே பறிக்கும் அத்திருத்தம் எனக்கு உவப்பில்லை, ஆயினும் சான்றின்றி மறுக்க இயலவில்லை. கிறித்தவ மதப்பணியாளர் பீட்டர் பெர்சிவல் 1874இல் வெளியிட்ட, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் கொண்ட தொகுப்பைத் தேடிப்பிடித்தேன். எனக்குக் கிடைத்த பிரதியில் 'ஆ' வரிசைப் பக்கங்களைக் கரையான் அரித்திருந்தது. இணையத்திலோ ஒருவர் எழுதியதையே பலரும் படியெடுத்துள்ளனர். ஆண்டும் இல்லை, பக்க எண்ணும் இல்லை. 'வேரை' என்னும் பாடம் அச்சேறிய மிகப் பழைய நூல் எது?