சாகச இதழில் செட்டிங் சார்ந்த கதை எவ்வளவு, பொதுக்கதை எவ்வளவு?

பகடை20 (வெள்ளவத்தை)
தமிழில் ஒரு டேபிள்டொப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி இருந்து பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு) காலாண்டிதழ் தொடங்குகிறோம். ஏ5 அளவில் 32 பக்கம், கறுப்பு வெள்ளை, டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் (டி அன்ட் டி) ஐந்தாம் பதிப்பு விதிகள். அட்டை, ஆசிரியர் பக்கம், கடிதங்கள் போக சாகசங்களுக்கு 26 பக்கம் மிஞ்சும். கதை நடக்கும் கற்பனை உலகம்தான் செட்டிங். வாசகர்களில் சிலர் ஆடுவது டி அன்ட் டியின் ஃபொர்கொட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில், சிலர் எபெரொன் உலகத்தில், மிச்சப் பேர் சொந்த உலகத்தில். ஒரு செட்டிங்குக்கென்று எழுதினால் மற்றவர்களுக்குப் பயனில்லை. எல்லாருக்கும் என்று எழுதினால் ஊர்பேர் இல்லாத ஒரு கிராமமும் பத்துக் கொப்ளினும்தான் மிஞ்சுது. எப்படிப் பிரிக்கலாம்?

கோட்டைவாசல்
எண்ணிக்கையைப் பிறகு பாருங்கோ. கதையிலுள்ள பெயர்களை எல்லாம் அடித்துவிட்டு வாசியுங்கோ. வில்லன் ஏன் அதைச் செய்கிறான், ஆட்டக்காரர் ஏன் தலையிட வேணும், தலையிடாவிட்டால் என்ன நடக்கும்: இந்த மூன்றும் அப்பவும் நின்றால் அது பொதுக்கதைதான், மேலே செட்டிங் பூச்சு மட்டும்.

உதாரணத்துக்கு, துறைமுகக் கிட்டங்கியில் சுங்க எழுத்தர் கொலை. அவரிடம் ஒரே கப்பலுக்கு இரண்டு சரக்குப் பட்டியல், இரண்டாவதில் ஒரு பெட்டி கூட. இது ரெல்ம்ஸின் வாட்டர்டீப் நகரிலும் நடக்கும், எபெரொனின் ஷார்ன் நகரத்துத் துறைமுகப் பகுதியான கிளிஃப்சைட்டிலும் நடக்கும். இப்படியான கதைக்குக் கடைசியில் அரைப்பக்கப் பெட்டிச் செய்தி போதும்: எந்த ஊர், சுங்கம் யார் கையில், எந்தக் கோயில், எந்தக் காசு. மேப்பில் இடப்பெயர் அச்சடிக்க வேண்டாம். இலக்கம் மட்டும் போட்டு, பெயர்களை விளக்கப் பட்டியலில் வையுங்கோ. சொந்த உலகக்காரர் அதே மேப்பை அப்படியே எடுப்பார்கள்.

டி அன்ட் டி சாகசங்களை வெளியிட்ட டன்ஜன் இதழ் 2005, 2006 இல் கிரேஹோக் என்ற இன்னொரு செட்டிங்கை வைத்து ‘ஏஜ் ஒஃப் வோர்ம்ஸ்’ தொடரைப் போட்டபோது, ரெல்ம்ஸுக்கும் எபெரொனுக்கும் மாற்றும் குறிப்புகளை இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது. அச்சுப் பக்கம் மிச்சம். நீங்களும் ஒரு கியூஆர் கோட் போட்டால் அந்த அரைப்பக்கமும் கதைக்குக் கிடைக்கும்.

மூன்றாம்லெவல்
பெட்டிச் செய்தி பூச்சுக்குத்தான் சரிவரும். விதியே வேறாக இருக்கிற உலகத்தில் கதை உடைஞ்சு போகும். “பூசாரி பாவம் செய்தார், தெய்வம் வரத்தை எடுத்துவிட்டது, அதை வைத்துக் கொலைகாரனைப் பிடிக்கலாம்” என்ற துப்பு எபெரொனில் செல்லாது. அங்கே தெய்வங்கள் நேரில் தலையிடுவதில்லை, கெட்ட பூசாரியும் நல்ல தெய்வத்தின் பெயரில் மந்திரம் போடலாம். “ஐந்து நாளில் தலைநகர் போய்ச் சேர வேணும்” என்ற ஓட்டத்தை எபெரொனில் ஓடும் மின்னல் ரயில் சாப்பிட்டுவிடும். டார்க் சன் என்ற பாலைவன செட்டிங்கில் உலோகமே அரிது. சாதாரண கதையில் பரிசாக வைக்கிற இரும்புவாள் அங்கே பெரிய சொத்து, ஒரே இரவில் பொருளாதாரம் கவிழும்.

ஆகவே எழுத்தாளரிடம் முதலிலேயே கேளுங்கோ: துப்பு, பயணம், புதையல் மூன்றில் எது செட்டிங்கின் விதியில் தங்கியிருக்கு? ஒன்றாவது அப்படியென்றால் அதைப் பொதுக்கதையாக்க மெனக்கெட வேண்டாம். அதை அதன் உலகத்திலேயே முழுசாக எழுத விடுங்கோ. சாரமில்லாத மூன்று பொதுக்கதையை விட ஊன்றி நிற்கிற ஒரு கதை வாசகரை அடுத்த இதழ் வாங்க வைக்கும்.

பகடை20
விளங்குது. அப்ப ரெல்ம்ஸுக்கு ஒரு கதை போடலாமா?

கோட்டைவாசல்
அச்சிதழில் வேண்டாம். 2023 ஜனவரியில் எஸ்ஆர்டி 5.1 (ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு) கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வந்தது. மூலத்தைக் குறிப்பிடும் வரியைச் சேர்த்தால் அதிலுள்ள விதிகள், மந்திரங்கள், மிருகங்களைப் பாவிக்கலாம். ரெல்ம்ஸின் ஊர்களும் ஆட்களும் அந்த உரிமத்துக்குள் வராது. டிஎம்ஸ் கில்ட் என்ற இணையக் கடையில் ரெல்ம்ஸுக்கு எழுத இடமுண்டு, ஆனால் அங்கே போட்டதை வேறெங்கும் வெளியிட ஏலாது. இதழுக்கென்று சொந்த செட்டிங் ஒன்று வைத்திருப்பதுதான் வழி.

கொழும்பே இருக்குத் தானே. 1656 இல் போர்த்துக்கேயர் கோட்டைக்குள், வெளியே ஒல்லாந்தர், அவர்களோடு கூட்டாகக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன். கோட்டை விழுந்ததும் ஒல்லாந்தர் அதை அரசனிடம் கொடுக்கவில்லை. ஆட்டக்காரர் யாருக்காகக் கதவைத் திறக்கிறார்கள் என்ற கேள்வி அந்தக் கூட்டிலிருந்துதான் வருது. அதற்கு 12 பக்கம் கொடுங்கோ, பொதுக்கதைகளுக்கு 8, 6. அந்தப் 12இலும் கொத்தளத்தின் மேப், இரண்டு என்பிசி (ஆட்டக்காரர் ஆடாத பாத்திரங்கள்), ஒரு புது மிருகம் ஆகியவற்றைத் தனித்தனிப் பக்கத்தில் வைத்தால் மற்ற உலகக்காரரும் பிரித்தெடுக்கலாம்.

மூன்றாம்லெவல்
முற்றுகைக் கதையில் ஒன்றைக் கவனியுங்கோ. பட்டினியை ஆட்டக்காரரின் வயிற்றில் வைக்க வேண்டாம். குட்பெரி முதல் நிலை மந்திரம், ஒரு தரம் போட்டால் பத்துப் பழம், ஒரு பழம் ஒருவருக்கு ஒருநாள் சாப்பாடு. லெவல் 1 ட்ரூயிட் (இயற்கை மந்திரம் போடும் பாத்திரம்) ஒருவர் இருந்தாலே குழுவுக்குப் பசியில்லை. பட்டினியைத் தெருவிலுள்ள இருநூறு பேருக்கு வையுங்கோ. அப்ப அந்தப் பத்துப் பழமும் யாருக்கு என்று மேசையில் வாக்குவாதம் வரும்.