காலண்டர் தாளில் மணி உருட்டினால் எழுத்து கரைந்துவிடுகிறது

காகிதப்பூ:
எங்கள் வீட்டில் காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பது அப்பாவின் வேலை. முக்கியமான நாளாக இருந்தால் அந்தத் தாளின் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு வரி எழுதி டைரிக்குள் வைத்துவிடுவார். "பேத்தி பிறந்தாள், நல்ல மழை", "முதல் பல் விழுந்தது" என்கிற மாதிரி. அவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. என் மகளைப் பற்றி எழுதிய தாள்கள் ஏழு கிடைத்தன. அடுத்த மாதம் அவள் விடுதிக்குப் போகிறாள். அந்த ஏழு தாள்களையும் காகித மணிகளாக உருட்டி, சார்ம் பிரேஸ்லெட்டாக (சின்னச் சின்னத் தொங்கல்கள் மாட்டிய கைச்சங்கிலி) கோத்துக் கொடுக்க ஆசை.

இந்த வருடத் தாளில் நானே ஒரு வரி எழுதிச் செய்து பார்த்தேன். நீள முக்கோணமாக வெட்டி, பல் குத்தும் குச்சியில் அகலமான பக்கத்திலிருந்து சுற்றி, ஃபெவிகால் வைத்து ஒட்டி, நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசினேன். மணி குச்சி மாதிரி ஒல்லியாக வந்தது, எழுத்து உள்ளே போய்விட்டது. வெளியே தெரிந்த கொஞ்சமும் நீலமாகக் கரைந்து பரவிவிட்டது. அந்த ஏழு தாளில் கை வைக்கவே பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணிக்கோர்வை:
முதலில் அந்தத் தாள்களைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், இப்போதைக்குக் கத்தரிக்கோல் வேண்டாம்.

கரைந்ததற்குக் காரணம் நெயில் பாலிஷ்தான். அதிலுள்ள கரைப்பான் பால்பாயிண்ட் மையை இளக்கிவிடும். தண்ணீரில் கலக்கும் வார்னிஷ் வாங்குங்கள், கைவினைப் பொருள் கடைகளில் இருக்கும். ஃபெவிகாலோடு நிறுத்திவிடவும் கூடாது. ஈரம் பட்டால் அது மறுபடி இளகும், கையில் போட்டிருக்கும்போது வியர்வையே அதற்குப் போதும்.

முக்கோணமும் உங்களுக்குச் சரிவராது. அதில் கடைசியாக மேலே நிற்பது கூர்முனை மட்டும்தான். நேர்ப்பட்டையாக வெட்டுங்கள். காலண்டர் தாள் மெல்லியது, நீளமும் போதாது. அதனால் சாதாரண ஏ4 தாளில் 1 செ.மீ. அகலப் பட்டைகள் இரண்டை முனையோடு முனை ஒட்டி நீளமாக்கி முதலில் சுற்றுங்கள், அதன் மேல் எழுத்துள்ள பட்டை. நான் இறுக்கமாகச் சுற்றினால் கிட்டத்தட்ட 9 மி.மீ. தடிமன் வரும். அப்படியானால் சுற்றளவு 28 மி.மீ. அந்த நீளத்துக்குள் அடங்கும் எழுத்துதான் வெளியே தெரியும், மிச்சம் அடியில் போய்விடும்.

அப்பாவின் ஒரு வரி 28 மி.மீ.க்குள் அடங்குமா? அளந்து சொல்லுங்கள்.

காகிதப்பூ:
அளந்தேன். இரண்டு தாளில்தான் அடங்குகிறது. "பேத்தி பிறந்தாள்" 6 செ.மீ. இருக்கிறது. அதை விட்டுவிட எனக்கு மனசு வராது.

கோவைக் கைவேலை:
அக்கா, கலர் ஜெராக்ஸ் எடுங்கள். அந்த 6 செ.மீ. வரியை 45 சதவீதமாகக் குறைத்தால் 27 மி.மீ. அடங்கிவிடும். லேசர் மெஷினில் எடுத்தால் டோனர் (அதன் மைப்பொடி) தாளில் உருகிப் பிடித்திருக்கும், பசை ஈரத்துக்குக் கலையாது. இங்க்ஜெட் பிரிண்ட் கலையலாம். நெயில் பாலிஷ் இதற்கும் ஆகாது, டோனரையும் இளக்கும்.

அசல் தாளில் எழுத்தில்லாத ஓரத்திலிருந்து மட்டும் மெல்லிய கீற்று வெட்டி, குச்சியில் முதல் சுற்றாகச் சுற்றுங்கள். அதன் மேல் ஏ4 பட்டை, கடைசியில் ஜெராக்ஸ். தாத்தா கிழித்த தாள் ஒவ்வொரு மணிக்குள்ளும் இருக்கும், அவர் எழுத்து முழுசாக உங்களிடம் இருக்கும்.

மணிக்கோர்வை:
இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. ஒட்டியதும் ஒரு ராத்திரி காயட்டும், உள்ளே ஈரம் இருக்கும்போது வார்னிஷ் பூசினால் வெளுத்துத் தெரியும். அப்புறம் மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. இரண்டு முனைகளையும் ஓட்டையின் விளிம்பையும் விடாதீர்கள், தண்ணீர் அங்கேதான் ஏறும். ஹெட் பின்னை (ஒரு முனையில் தலை உள்ள கம்பி) மணிக்குள் செருகி, நோஸ் பிளையரால் (கூர்மூக்குக் குறடு) அதன் மறுமுனையை வளையமாக வளைத்து, ஜம்ப் ரிங்கில் (திறந்து மூடும் சின்ன வளையம்) சங்கிலியோடு மாட்டுங்கள். குளிக்கும்போது கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

காகிதப்பூ:
நேற்று ஒன்று முடித்தேன். "முதல் பல் விழுந்தது" சரியாக ஒரு சுற்று வந்து நின்றது. அப்பா கடைசி "து"வின் வாலை நீளமாக இழுப்பார், அது "மு"வைத் தொடுகிறது. இன்னும் ஆறு இருக்கிறது.