அன்சிபிள்: மேலூர் லேபுக்கு ஒரு போர்ட் சேர்த்தேன், 22 காணாமல் போய்விட்டது. உதவி தேவை

லேப்தம்பி:

வணக்கம். மதுரையில் ஒரு கணினிப் பயிற்சி நிறுவனத்தின் லேப்களைப் பார்த்துக்கொள்கிறேன். அண்ணாநகர், திருமங்கலம், மேலூர் என்று மூன்று கிளை, மொத்தம் 42 உபுண்டு மெஷின். ஆறு மாதமாக எல்லாவற்றையும் அன்சிபிளில்தான் (பல மெஷின்களின் அமைப்பை ஒரே இடத்திலிருந்து மாற்றும் கருவி) ஓட்டுகிறேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகத் தட்டித் தடவிக் கற்றது.

குரூப்_வார்ஸ் ஃபோல்டரில் (குரூப் வாரியாக வேரியபிள்கள் இருக்கும் இடம்) எல்லா மெஷினுக்கும் பொதுவான ‘ஆல்’ ஃபைலில் இப்படி வைத்திருக்கிறேன். போனில் தட்டுவதால் பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன், ஃபைலில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கின்றன.

திறக்கும்_போர்ட்கள்:
  - 22
  - 80
  - 443

மேலூரில் மட்டும் மெஷின்களைக் கண்காணிக்க நோட் எக்ஸ்போர்ட்டர் போட்டோம். அதற்கு 9100 திறக்க வேண்டும். அதனால் மேலூர் குரூப் ஃபைலில் இதைச் சேர்த்தேன்:

திறக்கும்_போர்ட்கள்:
  - 9100

பிளேபுக் (அன்சிபிள் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) முதலில் யுஎஃப்டபிள்யூவை (உபுண்டுவின் ஃபயர்வால்) ரீசெட் செய்யும், பிறகு இந்த லிஸ்டில் இருக்கும் போர்ட்களை ஒவ்வொன்றாகத் திறக்கும், கடைசியில் ஃபயர்வாலை எனேபிள் செய்யும். ஓட்டினேன். ஃபெயில்டு பூஜ்ஜியம், அன்ரீச்சபிள் பூஜ்ஜியம். சந்தோஷமாக டீ குடிக்கப் போய்விட்டு வந்து மறுபடி ஓட்டினால் மேலூரின் 14 மெஷினும் அன்ரீச்சபிள். பிங் போகிறது, எஸ்எஸ்ஹெச் (22 வழியாகத் தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழையும் இணைப்பு) போகவில்லை.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மேலூர் போய், ஒவ்வொரு மெஷினிலும் உட்கார்ந்து 22ஐக் கையால் திறந்துவிட்டு வந்தேன். யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸில் 9100 மட்டும்தான் இருந்தது. நான் எதிர்பார்த்தது நான்கு போர்ட்டும் சேர்ந்து வரும் என்று. எங்கே தவறு?

கோரிப்பாளையம்:

தம்பி, அன்சிபிள் கான்ஃபிக் ஃபைலில் ஹாஷ் பிஹேவியர் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அதை மெர்ஜ் என்று மாற்றிப் பாருங்கள். சேர்ந்துவிடும்.

லேப்தம்பி:

நன்றி அண்ணே. இந்த முறை பயந்துகொண்டு ஃபயர்வாலைத் தொடவில்லை, டீபக் மாட்யூலில் லிஸ்டை மட்டும் அச்சிட்டுப் பார்த்தேன். மெர்ஜ் போட்ட பிறகும் 9100 மட்டும்தான் வருகிறது.

இன்னொன்றும் முயன்றேன். மேலூர் ஃபைலில் ‘திறக்கும்_போர்ட்கள் என்பது, திறக்கும்_போர்ட்கள் கூட்டல் 9100’ என்று ஜின்ஜா அடைப்புக்குள் (இரட்டை நெளி அடைப்பு, உள்ளே இருப்பதைக் கணக்கிடும்) எழுதினேன். பைத்தானில் அப்படி எழுதினால் வேலை செய்யுமே. இங்கே ரிகர்சிவ் லூப் டிடெக்டட் என்று திட்டுகிறது.

இரவுப்பணி:

முதலில் அந்த மெர்ஜ் செட்டிங்கை எடுத்துவிடுங்கள். கோரிப்பாளையம் அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் அது டிக்‌ஷனரிகளுக்கு (பெயர்-மதிப்பு ஜோடிகள்) மட்டும். லிஸ்டை அது தொடாது. போதாக்குறைக்கு அது புராஜெக்ட் முழுவதையும் பாதிக்கும். ரிப்ளேஸ் என்ற வழக்கமான நடத்தையை நம்பி அடுத்தவர் எழுதிய ரோலை (தயார் டாஸ்க் தொகுப்பு) நீங்கள் இறக்கிப் பயன்படுத்தும்போது, எங்கே எது ஒட்டிக்கொண்டது என்று தேடியே விடிந்துவிடும். அன்சிபிள் ஆவணமே அதைப் பரிந்துரைக்கவில்லை.

இப்போது உங்கள் லிஸ்ட். ஒரே பெயரில் இரண்டு இடத்தில் வேரியபிள் இருந்தால் அன்சிபிள் இரண்டையும் கூட்டாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். பந்தியில் இன்னொரு கூட்டு வைப்பார்கள் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அது இலையையே எடுத்துவிட்டு, அப்பளம் மட்டும் வைத்த வேறு இலையைப் போட்டுவிட்டது. எந்த இலை என்பதற்கு ஆவணத்தில் 22 படிகள் கொண்ட முன்னுரிமை வரிசை இருக்கிறது (உங்கள் காணாமல் போன போர்ட்டும் 22, தற்செயல்தான்). முழுதும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ரோல் டிஃபால்ட்ஸ் கிட்டத்தட்ட அடியில், அதற்கு மேல் குரூப்_வார்ஸ் ஆல், அதற்கு மேல் குறிப்பிட்ட குரூப், அதற்கு மேல் ஹோஸ்ட்_வார்ஸ் (தனி மெஷினுக்கானது), எல்லாவற்றுக்கும் உச்சியில் கமாண்டில் மைனஸ் ஈ போட்டுக் கொடுப்பது. அன்றாட வேலைக்கு இவ்வளவு போதும். ஆலை மேலூர் வென்றது, அவ்வளவுதான் நடந்தது.

முதல் ஓட்டம் ஏன் ஃபெயில் ஆகவில்லை என்றால், ஏற்கெனவே திறந்திருந்த எஸ்எஸ்ஹெச் இணைப்பை யுஎஃப்டபிள்யூ வெட்டாது. புதிய இணைப்பைத்தான் தடுக்கும். பிங்கை அது இயல்பாகவே விட்டுவிடும். அதனால்தான் வீட்டில் ஆள் இருப்பது தெரிந்தும் கதவு திறக்கவில்லை.

லூப் பிழைக்கு வருவோம். பைத்தானில் வலப்பக்கத்தை முதலில் கணக்கிட்டு அப்புறம் பெயருக்குக் கொடுக்கும். அன்சிபிள் அப்படிச் செய்வதில்லை. நீங்கள் எழுதிய வரியை அப்படியே எழுத்தாக வைத்துக்கொண்டு, ஒரு டாஸ்க் அந்த வேரியபிளைக் கேட்கும்போதுதான் அவிழ்த்துப் பார்க்கும். அவிழ்த்தால் உள்ளே அதே பெயர். மறுபடி அவிழ்க்கும், மறுபடி அதே பெயர். ‘ஆல்’ ஃபைலில் இருந்த பழைய மதிப்பு அந்த நேரத்தில் கண்ணிலேயே இருக்காது, அது தோற்றுப்போன இலை.

வழி எளிது. துண்டுகளுக்குத் தனித்தனிப் பெயர் வையுங்கள், ஒரே இடத்தில் சேருங்கள். ‘ஆல்’ ஃபைலில்:

பொது_போர்ட்கள்:
  - 22
  - 80
  - 443
திறக்கும்_போர்ட்கள்: "{{ பொது_போர்ட்கள் + கிளை_போர்ட்கள் | டிஃபால்ட்([]) }}"

மேலூர் ஃபைலில்:

கிளை_போர்ட்கள்:
  - 9100

‘ஆல்’ ஃபைலில் இருக்கும் வரி மேலூரின் வேரியபிளை எப்படிப் பார்க்கும் என்று கேட்பீர்கள். கேட்கும்போதுதான் அவிழ்க்கும் என்றேனே, உங்களை லூப்பில் மாட்டிவிட்ட அதே சோம்பேறித்தனம் இங்கே உதவுகிறது. மேலூர் மெஷினுக்காக அவிழ்க்கும்போது மேலூரின் துண்டு கிடைக்கும், அண்ணாநகருக்காக அவிழ்க்கும்போது எதுவும் இல்லாததால் காலி லிஸ்ட். சுற்றியிருக்கும் மேற்கோள்குறியை விட்டுவிடாதீர்கள். மதிப்பு இரட்டை அடைப்பில் தொடங்கினால் யாம்ல் (இந்த ஃபைல்களின் எழுத்து வடிவம்) அதை டிக்‌ஷனரி என்று நினைத்துக் குழம்பும்.

உங்களைப் போலப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். அப்படியே ஒட்டிவிட வேண்டாம், அன்சிபிள் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே ஏற்கும்.

லேப்தம்பி:

அண்ணே, மேலூரில் நான்கும் வந்துவிட்டது! அண்ணாநகரும் சரி. ஆனால் திருமங்கலம் மட்டும் லிஸ்டோடு நன்டைப்பை (NoneType) கூட்ட முடியாது என்கிறது. அங்கே கூடுதல் போர்ட் எதுவும் வேண்டாம், அதனால் ‘கிளை_போர்ட்கள்:’ என்று எழுதி அடியில் ஒன்றும் போடாமல் விட்டிருக்கிறேன். டிஃபால்ட் கைகொடுக்க வேண்டும் அல்லவா?

திருப்பரங்குன்றம்:

கொடுக்காது தம்பி. கோலனுக்குப் பிறகு வெறுமையாக விட்டால் யாம்லுக்கு அது காலி லிஸ்ட் அல்ல, நல் (null), அதாவது மதிப்பே இல்லாதது. வேரியபிள் இல்லவே இல்லை என்றால்தான் டிஃபால்ட் வேலை செய்யும், இங்கே வேரியபிள் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. அந்த வரியை அழித்துவிடுங்கள், அல்லது கோலனுக்குப் பிறகு வெறும் சதுர அடைப்பு போடுங்கள். டிஃபால்ட்டுக்கு இரண்டாவது மதிப்பாக ட்ரூ கொடுத்தால் நல்லையும் பிடித்துக்கொள்ளும். நான் வரியை அழிப்பேன். இல்லாததை இருக்கிறது என்று எழுதி வைப்பானேன்?

இனி மேலூருக்கு பஸ் ஏறாமல் இருக்க இன்னொரு காரியம் செய்யுங்கள். ஃபயர்வால் டாஸ்க்குகளுக்கு மேலே, அதாவது ரீசெட்டுக்கும் முன்னால், ஒரு அசர்ட் டாஸ்க் வையுங்கள்: லிஸ்டில் 22 இருந்தால்தான் மேலே போ, இல்லையென்றால் நில். இரண்டே வரி. ஒரு பொறி: யாராவது ஃபைலில் 22ஐ மேற்கோள்குறிக்குள் எழுதியிருந்தால் அது எழுத்து, எண் அல்ல. அப்போது லிஸ்டில் 22 கண்ணுக்குத் தெரியும், அசர்ட் இல்லை என்று சாதிக்கும். ஒப்பிடும் முன் மேப் ஃபில்டரால் எல்லாவற்றையும் இன்ட் ஆக்கிவிடுங்கள். சந்தேகம் வந்தால் டைப்_டீபக் ஃபில்டர் போட்டால் உள்ளே இருப்பது இன்ட்டா ஸ்ட்ரிங்கா என்று சொல்லிவிடும். மைனஸ் ஈயில் பெயர், சமக்குறி, மதிப்பு என்று கொடுப்பதெல்லாம் ஸ்ட்ரிங்தான், லிஸ்ட் அனுப்ப வேண்டுமென்றால் ஜேசன் வடிவில் கொடுக்க வேண்டும்.

அப்புறம், 14 மெஷினில் ஒரே மூச்சில் ஃபயர்வாலை மாற்றுவது ஆகாது. லிமிட் போட்டு ஒரு மெஷின், அதில் புதிதாக எஸ்எஸ்ஹெச் போகிறதா என்று பார்த்துவிட்டு மீதி.

லேப்தம்பி:

அசர்ட் வைத்துவிட்டேன் அண்ணே, முதலிலேயே தெரிந்திருந்தால் ஒரு நாள் மிச்சம். இப்போது கொஞ்சம் சிக்கலான ஒன்று. ஒவ்வொரு கிளையிலும் ஆசிரியர் மேஜை மெஷின் ஒன்று உண்டு, அவற்றுக்கு ‘டீச்சர்’ என்று ஒரு குரூப். அதில் திரையைப் பகிர 5900 வேண்டும். டீச்சர் ஃபைலிலும் கிளை_போர்ட்கள் என்றே எழுதினேன். மேலூர் ஆசிரியர் மெஷின் இரண்டு குரூப்பிலும் இருக்கிறது. அதில் 5900 வந்தது, 9100 போய்விட்டது.

கோரிப்பாளையம்:

என் பங்குக்கு ஒன்றாவது சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே மட்டத்தில் இருக்கும் குரூப்களை அன்சிபிள் ஆங்கில அகரவரிசையில் அடுக்கும், கடைசியில் வருவது வெல்லும். மேலூருக்கு எம், டீச்சருக்கு டி. டி பின்னால் வருகிறது. குரூப் ப்ரையாரிட்டி என்று ஒரு வேரியபிளை இன்வென்ட்ரியில் (மெஷின்களும் குரூப்களும் உள்ள பட்டியல்) கொடுத்து இதை மாற்றலாம், குரூப்_வார்ஸில் கொடுத்தால் கண்டுகொள்ளாது. ஆனால் உங்களுக்கு அது பயன்படாது, யார் வெல்வது என்பதைத்தான் மாற்றும். உங்களுக்கு இரண்டும் வேண்டும்.

இரவுப்பணி:

இந்த முறை அண்ணன் சொன்னது அச்சு அசல்.

இரண்டும் வேண்டுமென்றால் அதே வைத்தியம்தான். ஒவ்வொரு குரூப்பும் தன் பெயரில் துண்டு வைத்துக்கொள்ளட்டும்: துண்டு_பொது, துண்டு_மேலூர், துண்டு_டீச்சர். சேர்க்கும் இடத்தில் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதாமல் வார்நேம்ஸ் லுக்கப்பிடம் ‘துண்டு_’ என்று தொடங்கும் பெயர்களையெல்லாம் பொறுக்கித் தரச் சொல்லுங்கள். லுக்கப் என்று அழைத்தால் காற்புள்ளி போட்ட ஒற்றை ஸ்ட்ரிங்காகத் தரும், குவெரி என்று அழைத்தால் லிஸ்டாகத் தரும். குவெரியையே பயன்படுத்துங்கள். அந்தப் பெயர்களை நட்சத்திரக்குறியோடு வார்ஸ் லுக்கப்பில் (இதுவும் குவெரியாக) கொடுத்தால் மதிப்புகள் கிடைக்கும். அது லிஸ்டுக்குள் லிஸ்டாக வரும், ஃபிளாட்டன் போட்டுத் தட்டையாக்கி, யூனிக் போட்டு இரட்டிப்பை நீக்குங்கள். நாளைக்குப் புதுக் கிளை திறந்தால் அதன் ஃபைலில் ஒரு துண்டு எழுதினால் போதும், சேர்க்கும் வரியைத் தொடவே வேண்டாம்.

சேர்த்து வைக்கும் வேரியபிளின் பெயர் ‘துண்டு_’ என்று தொடங்கக் கூடாது. தொடங்கினால் அது தன்னையே பொறுக்கிக்கொண்டு மறுபடி லூப். நான் ஒரு முறை துண்டு_அனைத்தும் என்று பெயர் வைத்துவிட்டு அரை இரவு முழித்திருக்கிறேன்.

எந்த மெஷினுக்கு எந்தத் துண்டு போய்ச் சேர்கிறது என்று பார்க்க அன்சிபிள் இன்வென்ட்ரி கமாண்டில் ஹோஸ்ட் பெயரைக் கொடுங்கள். ஆனால் அது அவிழ்க்காமல் அப்படியே காட்டும். அவிழ்த்த பிறகு என்ன என்று தெரிய டீபக்தான்.

லேப்தம்பி:

மேலூர் ஆசிரியர் மெஷினில் ஐந்து போர்ட்டும் வந்துவிட்டது. இழையை மூடலாம் என்று இருந்தேன், ஒரே ஒரு விநோதம். லேப் மெஷின்களில் அறிவிப்பு காட்டுவதற்கு நேரங்களை லிஸ்டாக வைத்திருக்கிறேன்:

அறிவிப்பு_நேரங்கள்:
  - 09:15
  - 12:45
  - 16:30

கோலனில் பிரித்து, மணி தனி நிமிடம் தனியாக கிரானுக்கு (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டுவது) கொடுக்கிறேன். காலை ஒன்பதே கால் சரியாகப் போகிறது. அடுத்ததில் பிழை. அச்சிட்டுப் பார்த்தால் 12:45 இருக்க வேண்டிய இடத்தில் 765, 16:30க்கு 990. இது என்ன கணக்கு?

திருப்பரங்குன்றம்:

பழைய கணக்கு. அன்சிபிள் பயன்படுத்தும் யாம்ல் நூலகம் 1.1 பதிப்பின் விதியில் ஓடுகிறது. அதில் கோலன் போட்ட எண்கள் 60ஐ அடியாகக் கொண்ட எண்கள். 12 பெருக்கல் 60, கூட்டல் 45, ஆக 765. 16 பெருக்கல் 60, கூட்டல் 30, ஆக 990. நள்ளிரவில் இருந்து எத்தனை நிமிடம் என்று எண்ணிக் கொடுத்திருக்கிறது, நீங்கள் கேட்காமலே. 09:15 தப்பித்ததற்குக் காரணம் முன்னால் இருக்கும் பூஜ்ஜியம். அந்த விதியில் முதல் இலக்கம் 1 முதல் 9க்குள் இருக்க வேண்டும், அதனால் அது ஸ்ட்ரிங்காகவே நின்றுவிட்டது. நிமிட இடத்தில் 59க்கு மேல் வந்தாலும் தப்பித்துவிடும். டாக்கரில் போர்ட்களை ஜோடியாக எழுதும்போது 80:80 ஒழுங்காக இருக்கும், 22:22 என்று எழுதினால் 1342 ஆகிவிடும்.

மூன்று நேரத்தையும் மேற்கோள்குறிக்குள் போடுங்கள். ஒன்பதே காலையும் சேர்த்து. யாராவது அதை 9:15 என்று திருத்தினால் 555 ஆகிவிடும்.

லேப்தம்பி:

மேற்கோள்குறி போட்டேன், மூன்றும் சரி. இன்று 12:45க்கு மூன்று கிளையிலும் அறிவிப்பு வந்தது, மேலூர் அசிஸ்டன்ட் போன் செய்து சொன்னார். போன வாரம் வரை தினமும் அவரே எழுந்து போய் மணி அடித்துக்கொண்டிருந்தாராம், என்னிடம் சொல்லவே இல்லை.